இஸ்திரி போட்ட சீட்டு

தெருவில் அவருக்கு அடிஸ்கேல் என்று பேர். கல்யாணத்துக்குப் பேசும்போது ‘நறுவிசான பிள்ளை’ என்றார்கள். ஒரே வருஷத்தில் மனைவியும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மாமியாருக்கு அவர் பதவிசு, அலுவலகத்தில் கறார், காலேஜ் படிக்கும் மகளுக்கு விறைப்பு. மச்சினி மட்டும் ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல், “மாமா தும்மினாக்கூட கோடு போட்டுட்டுத்தான் தும்முவாரு” என்பாள். இதில் நல்லதை மட்டும் மடித்து மனசில் அடுக்கிக்கொண்டு, மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடும் ஒழுங்கும் அவரிடம் இருந்தது.

வீட்டில் துண்டெல்லாம் விளிம்போடு விளிம்பு சேர்ந்து தொங்க வேண்டும். சோப்பில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். கைக்குட்டை, ஷூ லேஸ், கடையில் கொடுத்த காகிதப் பை என்று இஸ்திரிப் பெட்டிக்குத் தப்பியது எதுவும் அந்த வீட்டில் கிடையாது. பூனை ஒன்று வந்து போய்க்கொண்டிருந்தது. அதுவும் ஒரு நாள் ஏதோ யோசித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

அலுவலகத்தில் அவருக்கு நாலாம் நம்பர் கவுண்டர். மனு வாங்குகிற வேலை. எழுத்து கட்டத்தின் கோட்டைத் தொட்டால் திருப்பி அனுப்புவார். தாளை மடித்துக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புவார். மடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது அவராகச் சேர்த்துக்கொண்டது.

“ஐயா, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்” என்றார் ஒரு பெரியவர்.

“மடிக்காம ரெண்டு பஸ் மாறி வாங்க” என்றார் இவர்.

அவருடைய மனைவி வீட்டிலிருந்தே துணி தைப்பவள். வலது கண்ணில் புரை விழுந்து ஊசிக்காது தெரியாமல் போனது. நூல் ஒரு பக்கம் போகும், ஊசி ஒரு பக்கம் நிற்கும். கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் நாள் கொடுத்தார்கள். மெஷினிலிருந்து சின்னதாக ஒரு சீட்டு வந்தது. அதில் ஒரு எண். சீட்டு தொலைந்தால் மறுபடி மூன்று மாதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவள் அதை நாலாக மடித்து, பர்ஸில் பித்தான்களுக்கு நடுவே திணித்து வைத்தாள்.

ஆபரேஷன் நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். இவர் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்துவிட்டு, கையோடு அவள் பர்ஸையும் ஒழுங்கு பண்ண உட்கார்ந்தார். சீட்டு கண்ணில் பட்டது. சவைத்துத் துப்பியது போல் இருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பெட்டியில் இன்னும் சூடு இருந்தது. கைக்குட்டையை மேலே விரித்து, ஒரே இழுப்பு.

எடுத்துப் பார்த்தார். சீட்டில் ஒரு மடிப்பு இல்லை. எண்ணும் இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கன்னங்கரேலென்று இருந்தது.

குளித்துவிட்டு வந்த மனைவி அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். “சீட்டு கறுப்பா இருக்கா, இல்ல என் கண்ணுதான் மொத்தமா போயிடுச்சா?”

“சூடு பட்டா கறுத்துப்போற காகிதம்பா அது” என்றாள் மகள். “இதுல போய் யாராவது...”

“சுருக்கமா இருந்துச்சு” என்றார்.

“எனக்கும்தான் மூஞ்சி சுருங்கிப்போச்சு. பெட்டி ஆறுறதுக்குள்ள எனக்கும் ஒரு இழுப்பு போட்டுடுங்க” என்றாள் மனைவி. அழவில்லை. ஆனால் புடவையை இரண்டு தடவை தப்பாகக் கட்டினாள்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண்ணின் தலையில் சீப்பு பட்டு இரண்டு நாளாகியிருக்கும். கொண்டையில் பேனா செருகியிருந்தாள். மேஜையில் தாள்கள் குவிந்து கிடந்தன, அவற்றின் மேல் டீ கிளாஸ் வட்டங்கள். வேறு நாளாக இருந்தால் இவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அன்றைக்குக் கறுப்புச் சீட்டை எடுத்து, மேஜை விளிம்புக்கு நேராக வைத்தார்.

“என்ன சார் இது?”

“சீட்டு. இஸ்திரி போட்டேன்.”

“சீட்டையா?” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கழுத்து வரை சூடு ஏறியது அவருக்கு.

“சீட்டில்லாம உள்ள விடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்மா. நானும் கவுண்டர்லதான் வேலை பாக்கறேன். நானா இருந்தா...”

“நீங்களா இருந்தா?”

பொய் சொல்லவும் அவருக்கு ஒழுங்காக வராது. “திருப்பி அனுப்பியிருப்பேன்.”

“நல்லவேளை, அந்தப் பக்கம் நிக்கறீங்க” என்றாள் அவள். குவியலுக்குள் கையை விட்டு, அட்டை கிழிந்த ஒரு நோட்டை உருவினாள். உள்ளே கோணல்மாணலாக எழுத்து, அடித்தல், அம்புக்குறி. விரலால் தேடிக்கொண்டே போய் ஒரு ஓரத்தில் நிறுத்தினாள். “தையல் அக்கா, வலது கண். இவங்கதானே? ஊசி கோக்க முடியலன்னு அன்னிக்கு அவ்வளவு சொன்னாங்க.”

ஒரு துண்டுத் தாளைக் கிழித்து எண்ணை எழுதிக் கொடுத்தாள். கிழித்த ஓரம் பல் பல்லாக இருந்தது. மனைவி அதை வாங்கிக் கைக்குள் கசக்கி இறுக்கிக்கொண்டாள். இவருடைய கை ஒரு அங்குலம் நீண்டது, பிறகு சட்டைப்பைக்குத் திரும்பியது.

ஆபரேஷன் வார்டு வாசலில் செருப்புகள் குப்பையாகக் கிடந்தன. மனைவியும் தன்னுடையதை உதறிவிட்டு, துணைக்கு வந்த மகளோடு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்து விழுந்தது.

அரை மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. அவருடைய விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. குனிந்தார். நாற்பது ஜோடி இருக்கும். அளவு வாரியாக, நுனி சுவரைப் பார்க்க, நாலு வரிசையாக அடுக்கினார்.

ஆபரேஷன் முடிந்து முதலில் வந்தவர் கண்ணில் கட்டோடு ஒரு தடி ஆசாமி. “எவன்யா செருப்பைக் கலைச்சது? ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு நான் எங்க போய்த் தேடறது?”

“கலைக்கலைங்க, அடுக்கியிருக்கு. உங்களுது மூணாவது வரிசை, கடைசி.”

“உன் வரிசையில இடி விழ” என்று அவர் நாலு வரிசையையும் காலாலேயே துழாவிவிட்டுப் போனார். இவர் மறுபடி குனிந்து அடுக்கினார்.

கடைசியில் மனைவி வந்தாள். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. மகள் கையைப் பிடித்திருந்தாள்.

“என் செருப்பையும் அடுக்கிட்டாரா உங்கப்பா?”

மகள் பதில் சொல்வதற்குள் அவள் காலே அதைக் கண்டுபிடித்துவிட்டது. வாசலை ஒட்டி, அவள் உதறிய இடத்தில், உதறிய கோணத்தில், ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்தபடி கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் அத்தனை வரிசையும்.

“இதைத் தொடலையா?”

“நீ விட்ட இடத்துலயே இருந்தாத்தான் உனக்குத் தெரியும்.” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் கால் விரலால் செருப்பைப் புரட்டிப் போட்டாள். அது படுகோணலாகப் போய் விழுந்தது. அவருக்கு வாய் துடித்தது. துடிக்கட்டும் என்று அவள் நிதானமாக மாட்டிக்கொண்டாள்.