தராசு சாரும் பழைய பிரேக்கும்

பகல் முழுக்கக் குரலே உயர்த்தாத ஒருத்தி, சாயங்காலம் ஆனதும் நாலாயிரம் பேரை வாயடைக்க வைப்பாள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். காது பரிசோதிக்கும் நிலையத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் இந்தப் பெண் அப்படித்தான் வாழ்ந்தாள். சந்தோஷமாகவே வாழ்ந்தாள்.

அவளுடைய வேலை சத்தமில்லாத வேலை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் வந்தவரை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். வெளியே இருந்தபடி ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள், ஒன்றைவிட ஒன்று மெல்லியதாக. கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் அவள் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. புருவம் அசைந்தால்கூடச் சிலர் அதைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிக்க எத்தனை நேரம் எடுத்தாலும் குறுக்கே பேச மாட்டாள். பொறுமைக்குப் பேர் போனவள் என்று நிலையத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சோபாவின் இடது மூலையில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து போனை எடுப்பாள். அவ்வளவுதான், பொறுமை செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். ஊர்க்காரர்கள் நாலாயிரம் பேர் இருக்கும் அரட்டைக் குழு அது. அதை நடத்தும் அட்மின்களில் அவளும் ஒருத்தி. அங்கே அவள் பேர் தராசு. தராசு என்றால் நடுநிலை என்று அர்த்தம், ஆனால் இவளுடைய தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எல்லாரும் அவளை ஆம்பளை என்று நினைத்துக்கொண்டு 'தராசு சார்' என்றார்கள். அவளும் திருத்தவில்லை. சார் என்றால் பாதிப் பேர் எதிர்த்துப் பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறார்கள், அதைக் கெடுப்பானேன்?

நகராட்சித் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும், எந்தப் போன் சீக்கிரம் சூடாகிறது, புதுப் படத்தில் இரண்டாம் பாதி ஏன் இழுக்கிறது, எதுவானாலும் சரி, தராசு சார் ஆஜர். கணக்கு வாத்தியாரான அவள் கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்பார். "வக்கீலம்மா, இன்னிக்கு யாருக்குத் தூக்கு?"

பெரும்பாலும் ஒரே ஆளுக்குத்தான். அவர் பேர் 'பழைய பிரேக்'. எட்டு வருஷமாக இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். அவள் கிழக்கு என்றால் அவர் மேற்கு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள். "அடிப்படையே தப்பு" என்றுதான் ஒவ்வொரு பதிலையும் ஆரம்பிப்பார். அதைப் பார்த்தாலே இவளுக்கு ரத்தம் கொதிக்கும். ஒருநாள் அவர் எழுதாவிட்டால் சப்பென்று இருக்கும் என்பதும் உண்மை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு படம் வந்தது. அறுபது வயது நடிகரைக் கம்ப்யூட்டரில் இருபது வயதுப் பையனாக்கி நடிக்க வைத்திருந்தார்கள். பிரமாதம் என்றாள் தராசு. மெஷின் செய்த முகத்துக்குக் கைதட்டுகிறவன் மனுஷனே இல்லை என்றார் பழைய பிரேக். பதினோரு நாள் சண்டை, எழுநூறு கமெண்ட். கடைசியில் அவள் கேட்டாள், நாளைக்கு உங்கள் உடம்புக்கே ஒரு மெஷின் தேவைப்பட்டால் வேண்டாம் என்பீர்களா என்று. அவர் சளைக்கவில்லை. "என் உடம்பில் பேட்டரி போட்ட எதுவும் ஏறாது. ஏறினால் அன்றைக்கு நான் தோற்றேன் என்று இங்கேயே எழுதிவிட்டு, குழுவை விட்டுப் போய்விடுவேன்" என்று எழுதினார்.

தராசு அதைக் குழுவின் உச்சியில் எல்லார் கண்ணிலும் படும்படி பின் பண்ணி வைத்தாள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஒரு கேக் படம் போட்டு 'பேட்டரி ஆண்டுவிழா' கொண்டாடினார்கள். பழைய பிரேக்கே வந்து முதல் லைக் போடுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒரு அம்மாள் தன் கணவரை நிலையத்துக்குக் கூட்டி வந்தாள். முதலில் பேசியது அந்த அம்மாள்தான், கட்டிப்போன குரலில்.

"கத்திக் கத்தி என் தொண்டையே போச்சும்மா. பேரன் போன் பண்ணி 'தாத்தா'ன்னா, இவரு 'ராங் நம்பர்'னு வச்சிடுறாரு. புள்ள அழுவுது."

பெரியவர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து. பரிசோதனை முடிந்ததும் அவள் வரைபடத்தைக் காட்டினாள். இடது பக்கம் சமமாக ஓடிய கோடு, வலது பக்கம் போகப் போகப் படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. கனத்த சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கும். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் போய்விட்டன. அந்த மெல்லிய சத்தங்களில்தான் குழந்தைகளின் குரலும் பாதி வார்த்தைகளும் இருக்கின்றன.

"கருவி வச்சா நல்லாவே கேக்கும், ஐயா," என்றாள், அவர் உதடு பார்க்க வசதியாக நேராக உட்கார்ந்து.

"வேணாம்மா."

"ஏன் ஐயா?"

அவர் ஏதோ ரகசியம் மாதிரிச் சுற்றுமுற்றும் பார்த்தார். "எழுதிக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"நாலாயிரம் பேருக்கு," என்று போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

அவள் பின் பண்ணிய பதிவு. அவள் தேர்ந்தெடுத்த கேக் படம்.

"தராசுன்னு ஒரு ஆளு இருக்காரு. வில்லங்கம் பிடிச்ச ஆளு. ஆனா விஷயம் தெரிஞ்சவரு. அவரு முன்னாடி வார்த்தை மாறிட்டு மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

"அந்தக் கண்றாவிக் குழுவ விட்டுத்தான் போங்களேன்!" என்று கத்தினாள் மனைவி.

"போயி?" என்றார் அவர். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் இறங்கியது. "கடையில நின்னா யாரு என்ன சொல்றான்னு புரியல, சிரிச்சு வைக்கிறேன். சொந்தக்காரங்க வந்தாலும் சிரிச்சு வைக்கிறேன். அங்க ஒரு இடத்துலதான் ஒருத்தர் சொல்றது முழுசா எனக்கு வந்து சேருது. அங்க நான் செவிடன் இல்லம்மா."

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று இந்த மனுஷனைப் பார்த்து அவள் நாற்பது தடவையாவது எழுதியிருப்பாள். வேலை செய்யும் இடத்தில் வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் கண்டித்திருப்பாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நான்தான் தராசு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவார், திரும்பி வரவே மாட்டார் என்று பயமாகவும் இருந்தது.

"அவசரமில்ல ஐயா. அடுத்த வியாழக்கிழமை வாங்க, சும்மா போட்டுப் பாக்க."

"வர்றேன். போட மாட்டேன்."

அன்று சாயங்காலமே அவள் சத்தம் போடாமல் அந்தப் பதிவை உச்சியிலிருந்து இறக்கினாள். கண்ணில் படாவிட்டால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். ஒரு மணி நேரம் ஆகவில்லை, பழைய பிரேக் முழங்கினார். "மக்களே, பாருங்கள்! தராசு சார் என் சவாலை இறக்கிவிட்டார்! பயமா? ஸ்கிரீன்ஷாட் என்னிடம் தேதியோடு இருக்கிறது." கொட்டை எழுத்தில் அதையே மறுபடி போட்டார். பழைய பதிவுக்கு விழுந்ததைவிட இதற்கு இரண்டு மடங்கு லைக். காப்பாற்ற வந்தவளையே கடித்துவைக்கிற மனுஷனை என்ன செய்வது?

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவளுக்கு இதே யோசனை. சவாலிலிருந்து உங்களை விடுவிக்கிறேன் என்று எழுதினால், ஏன் என்று கேட்பார். ஒரே வழிதான் இருந்தது. சவாலுக்குக் காரணமான அந்தப் படச் சண்டையில் அவள் முதலில் தோற்க வேண்டும். தோற்றுவிட்டால் பந்தயமே முடிந்தது, அப்புறம் அவர் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற வம்சம் அவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் 'நான் சொன்னது தப்பு' என்ற வார்த்தையை அவள் கணவர் அவள் வாயால் கேட்டதில்லை.

அதோடு, பொய்யாகத் தோற்கவும் முடியாது. எட்டு வருஷமாக அவள் வாதத்தில் ஓட்டை தேடிய ஆளுக்குப் பொய்த் தோல்வியைக் கண்டுபிடிக்கவா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தைப் போட்டுவிட்டுப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தாள்.

"என்ன வக்கீலம்மா, மேல்முறையீடா?" என்று கேட்டுவிட்டுக் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் ஒரு மணி நேரம் அவள் கட்சிதான் சரி. சண்டைக் காட்சியெல்லாம் அற்புதம். அப்புறம் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. படுக்கையில் கிடக்கும் அம்மா பேசுகிறாள், அந்த இருபது வயது முகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனுஷர்கள் கேட்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று பதினாறு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பவள் அவள். மெல்லிய சத்தம் ஒன்று காதில் விழுந்தால் புருவம் நூலளவு அசையும், மூச்சு ஒரு நொடி நிற்கும், அப்புறம் கண் மாறும். இந்த முகத்தில் கண் மாறவே இல்லை. அம்மா சொன்னது எதுவும் அதன் காதில் விழவில்லை. மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாள்.

"அட, அந்தாளு சொன்னது சரிதாங்க," என்றாள். கணவர் கையிலிருந்த டீ தளும்பியது.

அன்று சாயங்காலம் எழுதினாள். "அந்தப் படத்தை இன்று மறுபடி பார்த்தேன். ஆஸ்பத்திரிக் காட்சியில் அந்த முகம் பேசுகிறது, ஆனால் கேட்கவில்லை. அந்தக் கண்ணில் ஆள் இல்லை. பழைய பிரேக் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே இதைச் சொன்னார். நான் தோற்றுவிட்டேன். பந்தயம் முடிந்தது." அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். தொட்டால் சுடும் என்பது போல.

ஊர் சும்மா விடுமா? தராசு கவிழ்ந்தது என்று படம் வரைந்து போட்டார்கள். உடம்பு சரியில்லையா சார் என்று விசாரித்தார்கள். கேக்கை இனி யார் வெட்டுவது என்று ஒரு தனி விவாதமே ஓடியது. அவள் எல்லாவற்றையும் படித்தாள். எரிச்சலாகத்தான் இருந்தது. மறுநாள் நூலக நேரத்தைக் குறைத்த நகராட்சியைக் கிழித்து வழக்கம்போல எழுதினாள், பத்துப் பேர் வழக்கம்போல அவளோடு சண்டைக்கு வந்தார்கள். உலகம் அப்படியே இருந்தது. பழைய பிரேக் மட்டும் நாலு நாளாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் அவளை அரித்தது.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார், மனைவியோடு. அவள் கருவி இரண்டையும் எடுத்து அவர் காதருகே கொண்டு போனாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரு கேள்வி. எனக்குக் காது போனது மூணே பேருக்குத்தான் தெரியும். நான், இவ, நீங்க. இவளுக்கு டைப் அடிக்கத் தெரியாது."

பதினாறு வருஷமாக முகத்தில் எதையும் காட்டாதவள் காது வரைக்கும் சிவந்து போனாள்.

"அந்தக் கண்ணப் பத்தி எழுதினது... நிஜமா, எனக்காகப் பரிதாபப்பட்டா?"

"நிஜம் ஐயா. மூணு தடவ ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன்."

அவர் அவள் உதட்டையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார்.

"செவிடன் காதுல சங்குன்னு எழுதுனதுக்கெல்லாம் என்னை மன்னிச்சிருங்க," என்றாள்.

"அதுல என்னம்மா தப்பு? சங்கு ஊதினா எனக்குக் கேக்குமே. புல்லாங்குழல்தான் கேக்காது. நீங்க போட்ட கோட்டுலயே இருக்கு." அவர் சிரித்த சிரிப்பில் பஞ்சுப் பலகையே அதிர்ந்திருக்கும். "தோத்துட்டு மறுநாளே வந்து நகராட்சியத் திட்டுனீங்க பாருங்க, நாலு நாளா அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தோத்தா ஒண்ணும் ஆகாது போலிருக்கு. போடுங்க."

மாட்டினாள். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். மனைவி அவர் பக்கம் குனிந்து, பழக்க தோஷத்தில், "கேக்குதா!" என்று கத்தினாள்.

அவர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "ஏன் இப்படிக் கத்துற? நான் என்ன செவிடனா?"

அந்த அம்மாளுக்கு மெதுவாகப் பேசுவதே மறந்து போயிருந்தது. இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேக்குதாங்க?" என்றாள், கிட்டத்தட்ட மூச்சுக் காற்றில்.

"கேக்குது," என்றார் அவர். அந்த அம்மாள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் சோபாவில் அவள் உட்கார்ந்ததும் பழைய பிரேக்கின் பதிவு வந்து விழுந்தது. "இன்று என் காதில் இரண்டு பேட்டரி ஏறியது. தராசு சார் முதலில் தோற்றதால் பந்தயம் செல்லாது என்று நான் சொல்லலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான். நானும் தோற்றேன். சற்று முன் பேரன் போன் பண்ணினான், ராங் நம்பர் என்று வைக்கவில்லை. எல்லாருக்கும் வணக்கம்." அடுத்த நொடி 'பழைய பிரேக் குழுவை விட்டு வெளியேறினார்' என்று காட்டியது.

அவளுக்குப் பகீரென்றது. குழுவில் பலர் போகாதீர்கள் போகாதீர்கள் என்று, போன பிறகு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கால் மணி நேரத்தில் போன் மறுபடி சிணுங்கியது. அட்மின்களுக்கு மட்டும் வரும் அறிவிப்பு, புதிதாக ஒருவர் குழுவில் சேர அனுமதி கேட்கிறார். பேர் 'பழைய பிரேக்'. 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று அவளே எழுதி வைத்த கேள்விக்குக் கீழே அவர் பதில் இருந்தது.

"போவேன் என்றுதான் எழுதினேன், திரும்ப வர மாட்டேன் என்று எழுதவில்லை, வேண்டுமானால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன். அந்தப் படத்தை இன்று காதோடு பார்த்தேன். கண்ணைப் பற்றி நீங்கள் எழுதியது பாதிதான் சரி. அடிப்படையே தப்பு."