மார்ச்சில் நிற்கும் காலண்டர்

"ஜூலை, இரண்டாவது புதன். மாலை 5.40. மழை, விட்டு விட்டு. அவளை அழைத்து வர ஆய்வுக்கூடம் போனேன். மார்ச்சிலேயே நின்றிருந்த காலண்டரை ஜூலைக்குத் திருப்பி, கடிகாரத்துக்குக் கீழே எல்லாருக்கும் தெரியும்படி மாட்டினேன். பயனுள்ள மாலை."

என் நோட்டுப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே நானே கோடும் போட்டிருக்கிறேன். 5.40 என்பது ஆய்வுக்கூடக் கடிகாரத்தின் நேரம். அது நான்கு நிமிடம் முந்தி ஓடும். ஆகவே 5.36 என்று கொள்க.

ராணுவ அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மழை, மின்வெட்டு, வந்தவர் போனவர், படித்து முடித்த புத்தகம் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்காவிட்டால் அந்த நாள் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. என் மனைவி மூளை ஆராய்ச்சியாளர். நாங்கள் மராத்தி பேசும் ஊரான வானவடிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆட்டோக்காரரை மராத்தியில் திட்டுவாள். வீட்டுக்குள் இன்னும் சுத்தமான கோயமுத்தூர்தான்.

அவளுடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காதுக்குள் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் ஓர் உறுப்பு உண்டு. அது பழுதானால் தலை சுற்றும், நடை தள்ளாடும். அப்படித் தள்ளாடும் எலிகளுக்கு நாளடைவில் நினைவாற்றலும் தேய்கிறதா, மூளைச் செல்கள் சீக்கிரம் அழிகின்றனவா என்பதுதான் அவள் கேள்வி. அதற்காக ஒரு பெரிய வட்டத் தொட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் பால் பவுடர் கலந்து வெள்ளையாக்கி, மட்டத்துக்கு ஒரு விரல்கடை கீழே சின்ன மேடை ஒன்றை ஒளித்து வைப்பார்கள். நீந்தும் எலிக்கு மேடை தெரியாது. சுற்றியுள்ள சுவர்களில் இருக்கும் அடையாளங்களைப் பார்த்து, மேடை எந்தப் பக்கம் என்று அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியமான எலிகள் சில நாளில் கற்றுக்கொண்டுவிடும். அவற்றோடு ஒப்பிட்டால்தான் தள்ளாடும் எலிகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியும்.

அந்தப் புதன்கிழமை இதில் பாதிகூட எனக்குத் தெரியாது. அவளுடைய ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் இருந்ததால் ஆய்வுக்கூடம் இருக்கும் ஹடப்சர் வரை காரில் போயிருந்தேன். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எலிகளைப் பராமரிப்பவரை எல்லாரும் காகா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்த அவர், என் ரெயின்கோட்டை வாங்கிக் கம்பியில் போட்டுவிட்டு, "இங்கே உட்காருங்க ஸாஹேப், மேடம் மீட்டிங்கில் இருக்காங்க" என்று இந்தியில் சொல்லி, தொட்டி இருந்த அறையில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

எதிர்ச்சுவரில் காலண்டர். மேலே மஞ்சள் பின்னணியில் பெரிய கறுப்புக் காளை. கீழே மாதத் தாளில் மார்ச். ஜூலையில் மார்ச்! படித்தவர்கள் வேலை பார்க்கும் இடம். ஐந்து நிமிடம் பொறுத்தேன். பிறகு எழுந்தேன். கடிகாரத்தின் கீழே, பக்கத்துச் சுவரில், ஓர் ஆணி சும்மா இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவள் இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ற எலிங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியலைங்க. நல்லா இருந்ததுக கூட ரெண்டு நாளா மேடையைக் கண்டுபிடிக்க மாட்டேங்குது."

"தள்ளாடுற எலிகளா?"

"அதுக தள்ளாடட்டும், அது அதுக வேலை. நான் சொல்றது நல்ல எலிக. வர்ற திங்கக்கிழமை திட்டத்துக்குப் பணம் குடுக்குற குழு பார்க்க வருது. நல்ல எலிகளே தடுமாறினா இந்த எலித் தொகுதியையே தள்ளிடச் சொல்லுவாங்க. திட்டம் செப்டம்பரோட முடியுது. இன்னொரு தொகுதி வளர்த்து, பழக்கி... அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான்."

மூன்று வருட உழைப்பு. இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"வியாழக்கிழமையிலிருந்துதான். உங்க நோட்டுல பாருங்க. அன்னிக்கு கரண்ட் கிரண்ட் போச்சா? ஏசி நின்னு தண்ணி சூடாயிருக்கலாம்."

என் நோட்டை அவள் மதித்துக் கேட்டது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் முறை. பெருமையோடு திறந்தேன். வியாழன்: மின்வெட்டு இல்லை. பக்கத்தைப் புரட்டினேன். புதன். படித்தேன். மூடினேன்.

"என்னவாம்?"

"மழை. விட்டு விட்டு."

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

ஆவணத்தில் உள்ளதை மறைத்துப் பழக்கமில்லாதவன் நான். மறுபடி திறந்து, கோடு போட்ட சொற்கள் வரை முழுவதையும் வாசித்தேன்.

கீழ் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தது.

"எந்தக் காலண்டருங்க?"

"காளை போட்டது."

"அது காலண்டர் இல்லீங்க. வடக்குச் சுவரோட அடையாளம்! நாலு சுவருக்கும் நாலு. முக்கோணம், கோடு போட்ட அட்டை, சைக்கிள் வீல், காளை. நாலு மாசமா அதை யாரும் தொட்டதில்ல. ஊருல இத்தனை காலண்டர் இருக்கு, போயும் போயும் என்ற எலி பாக்குற காலண்டரையா திருத்தணும்? அதுகளுக்கு ஜூலை பொறந்தா என்ன, பொறக்காட்டி என்ன!"

"நீ ரெண்டு நாளும் பார்க்கவே இல்லையா?"

"சோதனை நாள்ல நான் அந்த ரூமுக்குள்ள போறதே இல்ல. என்னையே அடையாளமா வச்சுக்கும். பக்கத்து ரூம்ல ஸ்கிரீன்ல பாக்குறேன். கேமராவுல தொட்டிதான தெரியும்?"

இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திடீரென்று எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், லேப்டாப்பைத் திறந்தாள். எலிகள் நீந்திய தடங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன.

"கடிகாரம் எந்தச் சுவரு? கிழக்குதான? இங்க பாருங்க. பாதிக்கு மேல ஒரே பக்கம் போயிருக்கு. மேடை இருந்த பக்கம் இல்ல. காளையை எங்க மாட்டினீங்களோ, அதுக்கேத்தாப்ல திரும்பியிருக்கு!" சட்னிக் கையோடு என் தோளில் ஓர் அடி. "மறக்கல! என்ற எலிக எதையும் மறக்கல!"

அவள் சிரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதுவும் என் நோட்டில் இருக்கிறது.

பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். காகா காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"நான் வியாழக்கிழமையே பார்த்தேன். மேடம்தான் மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன். மேடம் மாத்தினா காரணம் இருக்கும். கேட்டா, இது தெரியாதான்னு கேப்பாங்க."

"நான் அப்படிக் கேப்பேனா காகா?"

"போன மாசம் கேட்டீங்க."

என் கையாலேயே காலண்டரை வடக்குச் சுவரில் பழைய ஆணிக்குக் கொண்டுபோனேன். பக்கங்களைப் பின்னால் புரட்டி மார்ச்சில் நிறுத்தினேன். வாழ்க்கையில் தேதியைப் பின்னுக்குத் தள்ளியது அதுவே முதல் தடவை. காகா ஓர் எலியைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். நாங்கள் பக்கத்து அறையில் ஸ்கிரீன் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எலி ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு நேராக நீந்திப் போய் மேடையில் ஏறி, மீசையைத் துடைத்துக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. மதியத்துக்குள் எல்லா நல்ல எலிகளும் வீடு சேர்ந்துவிட்டன. காகா வடாபாவ் வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை குழுவிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். வியாழன், வெள்ளி இரண்டு நாள் கணக்கையும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றார்கள். தொகுதி பிழைத்தது. இப்போது அந்தச் சுவரில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் 'தொடாதீர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கீழே தமிழிலும் ஒரு வரி. அந்தக் கட்டடத்துக்கு வந்து போகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி.

அந்தத் திங்கட்கிழமை மாலை நோட்டில் "காரணம்: காலண்டர்" என்று எழுதப் போனேன். தடுத்துவிட்டாள்.

"எப்படிங்க சொல்றீங்க? மீதி மூணு அடையாளமும் இருந்த இடத்துலதான் இருந்துச்சு. ஒரு காளைக்காக இத்தனை எலியும் ஏமாறுமா? அதுவும் போக, நாம போறதுக்கு முன்னாடி சனிக்கிழமை காலைலயே காகா தொட்டித் தண்ணியை மாத்திட்டாரு. தண்ணி கெட்டுப் போச்சுன்னு அவரா நினைச்சுக்கிட்டு. ஒரே நாள்ல ரெண்டு மாத்தம். எதால சரியாச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"இன்னொரு தடவை மாத்தி மாட்டிப் பார்த்தா?"

"பார்க்கலாம். உங்களுக்குன்னு தனியா எலி வளர்த்தா."

இன்றுவரை யாரும் வளர்க்கவில்லை. ஆகவே பதிவில் இருப்பது இவ்வளவுதான்: எலிகள் திசை தப்பியதற்கு நான் மாட்டிய காலண்டர்தான் காரணமா, தண்ணீரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. சரிபார்க்கப்படவில்லை.