மூங்கில் சிம்பில் ஓர் 'அ'

என் வண்டியின் பக்கப் பெட்டியில் ஒரு மூங்கில் சிம்பு கிடக்கிறது. சாண் நீளம். பெட்ரோல் டேங்கின் வாய்க்குள் விட்டு ஆழம் பார்ப்பதற்காக நானே சீவியது. அதன் மேல் இரண்டிரண்டாகப் பிளேடு கீறல்கள். நான்கு இடங்களில் கீறலுக்குப் பக்கத்தில் பொடியாக ஓர் 'அ'. பலமுறை தூக்கிப் போட நினைத்தும் கை வரவில்லை.

அப்போது பூண்டியில் குடியிருந்தேன். வேலை கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில். அந்த மலைப்பாதையைத் தினமும் ஏறி இறங்க என்னிடம் இருந்தது ஒரு பழைய நூறு சிசி வண்டி. மழைக்கு அதை நிறுத்த இடம் தந்தவர் கீழ்வீட்டு அண்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூண்டு போட்டிருந்தார். பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டித் தொங்கவிடும் தகரக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கி, "நனைய விடாதீங்க தம்பி, இங்கன நிப்பாட்டுங்க" என்றார். வாடகை என்ற பேச்சே எடுக்கவில்லை. சும்மா கொடுக்கிறாரே என்பதுதான் எனக்கு முதல் உறுத்தல்.

வண்டியின் மைலேஜைக் கூட்டுவது அந்த வருடம் எனக்குப் பித்தாக இருந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், பழைய பல்புக்குப் பதில் எல்ஈடி போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரையே கழற்றிச் சாக்கின்மேல் பரப்பினேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கறிக்கடை போட்டாப்ல பரத்தி வச்சிருக்கீங்க? திருப்பி மாட்டயில ஒண்ணு ரெண்டு மிஞ்சிறாமப் பாத்துக்கங்க."

எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பெட்ரோல் குறையத் தொடங்கியது. ஓடி அல்ல, நின்ற இடத்திலேயே. நான் கைவைத்த வண்டியில் கோளாறு இருக்கும் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. அண்ணனிடம் பெட்ரோலில் ஓடும் மருந்தடிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. கொட்டகையிலும் பெட்ரோல் வாடை. வேறென்ன வேண்டும்? சிம்பைச் சீவினேன். சாயங்காலம் நிறுத்தும்போது ஒரு கீறல், காலையில் எடுக்கும்போது ஒரு கீறல். நடுவில் இடைவெளி விழுந்த நாளெல்லாம் பக்கத்தில் 'அ' என்று அண்ணன் பேரில் எழுதினேன்.

ஒருநாள் வேலை முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு, மறந்த பையை எடுக்கத் திரும்பினேன். அவர் வண்டியருகே குந்தி, டேங்குக்குக் கீழே கையை விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வேட்டியில் கையைத் துடைத்தார். மறுநாள் காலையில் அளவு குறையவில்லை. நான் பார்த்துவிட்டதால் எடுக்கவில்லை என்று முடிவு கட்டினேன். குறைந்தாலும் அவர், குறையாவிட்டாலும் அவர். சந்தேகத்துக்குத்தான் எத்தனை நல்ல மைலேஜ்!

"மெஷினுக்குப் பெட்ரோலு எங்க வாங்குறீங்கண்ணே?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"கொடைக்கானல்ல இருந்துதான் கேன்ல வருது. ஏன் தம்பி, ஒங்களுக்கு வேணுமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அப்புறம் அவர் மூன்று நாள் சோலியாகக் கூக்காலுக்குப் போனார். மெஷினும் அவரோடு போனது. இந்த மூன்று நாளும் சொட்டுக் குறையாது, திரும்பி வந்ததும் சிம்பைக் காட்டி முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். முதல் நாளே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை.

வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தேன். கார்புரேட்டரிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயின் நுனி ஈரமாக இருந்தது. மண்தரை குடித்துவிட்டதால் ஒருநாளும் தடம் தெரியவில்லை. கழற்றினால், பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்க வேண்டிய சின்ன ஊசியின் ரப்பர் நுனியில் வெட்டுக்காயம். அழுக்கு என்று நினைத்து நான் சுரண்டியது. சிம்பில் கீறல் போட்ட அதே பிளேடு.

பூண்டு எடுக்க வந்த அண்ணன் வீட்டு மதினி, "டேங்குக்கு அடியில பெட்ரோல் டேப்பை மூடலையாக்கும்?" என்றார். "அவரு இருந்தா வெள்ளாட்டைக் கட்டிட்டு வரயில அதையும் திருகி வச்சிட்டுத்தான் வருவாரு. விடியல்ல தொறந்தும் விட்டுருவாரு. சில நா நேரங்கழிச்சுத்தான் நெனப்பு வரும். வாடை பூண்டுல ஏறிருச்சின்னா வடுகபட்டிச் சந்தையில எடுக்க மாட்டாகல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மதினி?"

"படிச்ச புள்ள, ஆசையாப் பூட்டுன வண்டி. கொறை சொன்னா மொகம் சுண்டிரும்னாரு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வண்டிக்கு நேர் மேலே பூண்டு தொங்கிய கழி காலியாக இருந்தது. அந்தக் கட்டுகளை அவர் எப்போதோ மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நான் புது ஊசியை மாட்டிக்கொண்டிருந்தேன். சாக்கின்மேல் கிடந்த சிம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, 'அ'ன்னு போட்டிருக்கு?"

உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். வந்தது வேறு. "அளவுண்ணே."

கட்டைவிரலால் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார். "நாலு தடவ எழுதியிருக்கீங்க. மறந்துருமாக்கும்" என்று சாக்கில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் கொடைக்கானலிலேயே தங்கியிருக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது. நிறுத்தியதும் டேப்பை மூடுகிறேன், பழக்கத்தில் சிம்பையும் விட்டுப் பார்க்கிறேன், குறைவதில்லை. அவர் அந்த 'அ'வை எப்படிப் படித்தார் என்று தெரியாது என இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்றிலிருந்து நான் பூண்டியைவிட்டுக் கிளம்பும் நாள்வரை, தன் சொந்தக் கொட்டகைக்குள் நுழையும் முன் அவர் என் வாசலைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்:

"தம்பி, உள்ள போறேன்."