பிள்ளையார் முன்னால் பூட்டிக்கொண்ட முழங்கால்

ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், கிள்ளான் பாசாரில் மீனும் கீரையும் வாங்கினேன், மதியம் துணிகளை மடித்து வைத்துவிட்டு இடது முழங்காலில் தைலம் தேய்த்தேன். அந்தக் காரமான கற்பூர வாசனை மூக்கில் ஏறியதும், பதினைந்து வயதில் எங்கள் வீட்டு முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

அப்போது நான் பள்ளி நெட்பால் குழுவில் இருந்தேன்; மாவட்டக் குழுவுக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பயிற்சியில் பந்தைப் பிடித்துத் திரும்பியபோது பாதம் சிமெண்டுத் தரையிலேயே ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ஏதோ நழுவியது போலிருந்தது. வீட்டுக்கு நொண்டியபடி நடந்தே வந்துவிட்டேன். மறுநாள் எழுந்தபோதுதான் முழங்கால் பப்பாளி போல வீங்கியிருந்தது.

அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். உடம்பில் எங்கே வலித்தாலும் அவருக்குக் காரணம் ஒன்றுதான்: "அங்கின்". காற்று.

"காத்து பூந்துருச்சு. தேச்சா போயிரும் லா" என்று அவரே தைலம் தேய்த்தார். அம்மா விடாமல் நச்சரித்ததால் கிளினிக்குக்கும் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்றதும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாத்தியா, என் மக எலும்பு இரும்பு!" என்றார்.

சில நாளில் வீக்கம் வடிந்தது. படியிறங்கும்போது மட்டும் உள்ளே ஏதோ சொடுக்கும். ஆனால் வீக்கம் போனால் நோவு போயிற்று என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. தேர்வுக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, வேண்டுதலை நிறைவேற்ற அம்மா என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். மகள் கால் சரியானால் பிள்ளையாருக்கு அவள் கையாலேயே காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடவைப்பதாக வேண்டியிருந்தார்.

நன்றாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை உட்கார்ந்து எழும்போது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது.

"எந்திரிம்மா, வெளாடாத."

"முடியலம்மா. கால் நீள மாட்டேங்குது."

பின்னால் நின்ற ஓர் ஆன்டி, "என்ன, பிள்ளையாரு விட மாட்டேங்கிறாரா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் டாக்டர் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். "இறுக்காதேங்கோ பிள்ளை, தளர விடுங்கோ" என்று கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். மூட்டின் ஓரத்தை விரலால் அழுத்தினார், கத்தினேன். காலை நீட்டப் பார்த்தபோது அது ரப்பர் போலத் திமிறித் திரும்பியது.

"எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும். ரெண்டு எலும்புக்கும் நடுவில மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அது கிழிஞ்சு, மடிஞ்சு, மூட்டுக்குள்ள மாட்டியிருக்கு. தைலம் அங்க போகாது. ஒப்பரேஷன்தான்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பொம்பளப் புள்ள, டாக்டர். கத்தி வச்சா நொண்டிருமா?"

"வைக்காட்டித்தான் நொண்டும்."

அப்பா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தேர்வு நடந்த சனிக்கிழமை நான் வார்டில் கால் மடங்கிக் கிடந்தேன். அடுத்த வாரம் அறுவை நடந்தது.

அந்தக் காலத்தில் கிழிந்த சவ்வைப் பெரும்பாலும் வெட்டியெடுத்துவிடுவார்கள். இன்று ஸ்கேனில் பார்த்து, தைக்க முடிந்தால் தைக்கிறார்கள். எடுத்தது மறுபடி வளராததால் என் மூட்டு சீக்கிரமே தேய்ந்துவிட்டது. வலி வந்து போகிறது. நாங்கள் ஆடிய தளத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அப்பாவும் இல்லை. மாவட்டக் குழுவில் நான் ஒருபோதும் ஆடவில்லை. அந்த ஏக்கம்கூட எப்போதோ அடங்கிவிட்டது. அடங்காமல் இருப்பது, அறுவைக்கு மறுநாள் காலை.

கண் விழித்ததும் முதலில், கால் நேராக நீண்டிருந்ததைப் பார்த்தேன். தாதி வந்து, மடக்காமல் தூக்கச் சொன்னாள். தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. பயத்தில் அழுதுவிட்டேன். லோரி எடுக்கப் போகும் வழியில் வந்திருந்த அப்பா, என் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார்.

"அப்பா தூக்க மாட்டேன். சும்மா வச்சிருக்கேன். நீ தூக்கு."

பல்லைக் கடித்துத் தூக்கினேன். குதிகால் அவர் கையைவிட்டு மெல்ல எழுந்தது. அப்பாவின் கண்கள் கலங்கிவிட்டன. ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

"மெதுவா எறக்கு, கிளட்ச் விடுற மாதிரி" என்றார்.

மெதுவாக இறக்கினேன்.