இல்லை என்று சொல்லாத கடை

கோயம்புத்தூர் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். பாளையம்பட்டிக்குத் திரும்பி அப்பாவின் விதைக் கடையில் உட்கார்ந்தேன். செல்போனில் விலையும் இருப்பும் கேட்பவர்களுக்குப் பதில் அனுப்ப ஒரு சாட்பாட் எழுதினேன். காலையில் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரிக் கட்டளை தட்டினால் ஓடும். திரையை மூடினால் நின்றுவிடும். கேள்வியும் பதிலும் அதில் வரிவரியாக ஏறும்.

அதற்கான விதிகளை அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பக்கத்துக் கடையைக் குறை சொல்லக் கூடாது. வயதில் பெரியவர்களை 'அண்ணே' போடாமல் கூப்பிடக் கூடாது. சரக்கு தீர்ந்தாலும் 'இல்லை' என்று சொல்லவே கூடாது.

"அப்ப என்னப்பா சொல்ல?"

"நாளைக்கு வருதுன்னு சொல்லு. கடையில உக்காந்துக்கிட்டு இல்லைங்கலாமா? லச்சுமி நிப்பாளா?"

நேரில் வருகிறவர்களுக்கு அது புரியும். அப்பா அதைச் சொல்லும்போது அவர் கண் தெருவுக்குப் போய்விடும். அவர்களும் சிரித்துக்கொண்டே வேறு கடைக்கு நடப்பார்கள்.

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. பருத்தி விதை எங்கள் கடையில் தீர்ந்துவிட்டது. எம்.ரெட்டியபட்டியில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் உழுது போட்டுவிட்டு, செல்போனில் விதை கேட்டார். நாளைக்கு வருது அண்ணே என்றது பாட். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதே பதில். திரையில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

ஈரம் காய்ந்த பிறகு அவரே வந்தார்.

"அண்ணாச்சி, மண்ணு எறுகிப்போச்சு."

"திருச்சுழியில வாங்கியிருக்கலாமேண்ணே?"

"ஒங்க மூஞ்சியப் பாத்திருந்தா அங்கதான் போயிருப்பேன். எழுத்துல வந்துச்சு, நம்பிட்டேன்."

"அது நான் இல்ல. பாப்பா போட்ட மிசினு."

"மிசினா?" என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்ல தாயி, ஒங்கப்பா மாதிரியே பொய் சொல்லுது."

அப்பா சிரிக்கவில்லை. அவர் போனதும், "அத மாத்திரு" என்றார்.

"என்ன போட?"

"நீயே போட்டுக்க." நான் அந்தச் சொல்லைத் தட்டி முடிக்கும்வரை கடைக்கு வெளியே நின்றார்.

விதைக்கிற அளவுக்கு அடுத்த மழை வரவே இல்லை. கார்த்திகைக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக அப்பாவும் நானும் எம்.ரெட்டியபட்டி வழியாகப் பஸ்ஸில் போனோம். ரோட்டோரத்தில்தான் அந்த வாடிக்கைக்காரரின் நிலம். இரண்டு பக்கத்து நிலங்களிலும் பருத்தி முழங்கால் உயரம் நின்றது. நடுவில் உழவுச் சால்கள் மட்டும் வெடித்துக் கிடந்தன. அப்பா பஸ் சன்னலை இழுத்துச் சாத்தினார். வெயில் எங்கள் பக்கம் அடிக்கவில்லை.