மாமியாரின் கிறிஸ்துமஸ் விருந்து

சின்ன வயதில் கிறிஸ்துமஸ் என்றால் எனக்கு பேக்கரிதான். கல்கத்தா கிடர்பூரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் மாவு, வெண்ணெய், முட்டை, முந்திரி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்து, கேக் சுட்டு வாங்கி வருவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, கேக் அடுப்புக்குள் போகிறவரை அசையமாட்டார். கண்ணைத் திருப்பினால் வெண்ணெயில் கை வைத்துவிடுவார்கள் என்று சந்தேகம். அம்மா இல்லாத வீட்டில் எங்கள் இருவருக்கும் அதுதான் பண்டிகை. மறுநாள் காலை சர்ச்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் காதல் கல்யாணம், அதே ஊரில் டாலிகஞ்ச் வாசம். கணவர் வீட்டார் இந்துக்கள், சுத்த சைவம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமியார் செய்த வேலைதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். முதல் வருஷமே டிசம்பர் இருபத்தைந்தாம் தேதிக்குச் சொந்தக்காரர்களை எல்லாம் சாப்பிட அழைத்தார்.

"அன்னிக்குத்தானேம்மா எல்லாருக்கும் லீவு? சமையலை நீ பாத்துக்கோ."

அது வருஷா வருஷம் வழக்கமாகிவிட்டது. வங்காளிகள்கூடக் கிறிஸ்துமஸைப் பொரோதின் என்று கொண்டாடி, ஊரே கேக் தின்றுகொண்டிருக்கும். நான் அண்டா நிறைய சாம்பார் கொதிக்கவைப்பேன். கணவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். காலையில் அப்பா போன் செய்வார்.

"பக்கத்துல இடம் போட்டு வைக்கிறேன், வந்துருவேல்ல?"

ஒரு வருஷம்கூடப் போகமுடியவில்லை. இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அந்த டிசம்பரிலும் மாமியார் விருந்துக்கு ஆள் அழைத்தார். பாவி, எனக்கு அப்பா போன வருஷம் என்றுகூடப் பார்க்கவில்லை. சரி சரி என்று தலையாட்டி வைத்தேன். அன்று விடியுமுன் குளித்துப் புடவை கட்டி முதல் பஸ்ஸைப் பிடித்தேன். காய் நறுக்கவில்லை, அரிசி களையவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சர்ச்சில் உட்கார்ந்து ஆசைதீர அழுதேன். டாலிகஞ்சில் அத்தனை பேரும் பசியோடு சமையலறையை எட்டிப் பார்ப்பார்களே என்று நினைத்ததும், அழுகைக்கு நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம்தான் வீடு திரும்பினேன். விருந்தாளிகள் கடை கச்சோரியைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அத்தனை பேருக்கு முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!"

"ஆமாம்மா, வேணும்னேதான் செஞ்சேன்."

அந்த விருந்து அதோடு நின்றது. இப்போது வருஷம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன். மன்னிப்பதற்கான நாள் இது என்று பாதிரியார் பிரசங்கம் செய்கிறார். ஊரில் யாரை வேண்டுமானாலும் மன்னிக்கத் தயார். அந்த அம்மாளை மட்டும் மாட்டேன்.