உப்புத் தண்ணீரும் நெல்லுக்குள் இருக்கும் மேஸ்திரியும்

செடிக்குள் இருக்கும் ஒரு புரதம் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதை இல்லாமல் ஆக்கிவிட்டுச் செடி என்ன பாடுபடுகிறது என்று வேடிக்கை பார்ப்பதுதான் எங்கள் தொழில். ஆய்வகத்தில் பைப்பெட்டும் கையுமாக வாலிபத்தைத் தொலைத்த சக நோயாளிகளே, நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. வில்லியனூர் பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் என் தலையில் கட்டப்பட்ட ஒரே ஒரு புரதத்தின் கதைதான் இது.

மேஸ்திரி வேலை

பாகூருக்குக் கிழக்கே என் சித்தப்பா ஆரோக்கியசாமிக்கு நெல் வயல் இருந்தது. போர்வெல் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் உப்புக் கரித்துக்கொண்டே வந்தது. நட்ட பயிர் பச்சை பிடிப்பதற்குள் நுனி கருகிவிடும். மனை போடுகிறவர்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. உப்பு பட்டதும் நெல்லின் வேரில் ஒரு புரதம் கூடுகிறது. அது அங்கே என்னதான் செய்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு விளக்கினேன். மரபணுக்கள் எல்லாம் கொத்தனார், சித்தாள் மாதிரி. இந்தப் புரதம் மேஸ்திரி. தானாக ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்காது. யார் வேலை செய்ய வேண்டும், யார் சும்மா இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். மேஸ்திரியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது தெரிந்துவிடும், உப்பைத் தாங்கும் நெல்லுக்கும் வழி கிடைக்கலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அந்தக் ‘கிடைக்கலாம்’ அவர் காதில் விழுந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சொன்னது இதுதான்: "அப்ப நெலத்த குடுக்காம வெச்சிருக்கேன். நீ கண்டுபுடிச்சிக்கினு வா."

இரண்டு தட்டு

அந்த மேஸ்திரியை உண்டாக்கும் மரபணுவைக் கத்தரித்து, செடியாக்கி, விதையாக்கி, மறுபடி முளைக்க வைப்பதற்குள் எனக்கு நரை எட்டிப் பார்த்தது. செடி வளர்க்கும் வலைக்கூடத்தில் ஒரு தட்டில் சாதாரண நெல், இன்னொன்றில் மேஸ்திரி இல்லாத நெல். இரண்டுக்கும் உப்புத் தண்ணீர் ஊற்றினோம். இரண்டும் ஒரே மாதிரி வாடின. இந்த மரபணுவுக்குக் கூடப்பிறந்தது மாதிரி இன்னொன்று இருக்கிறது. ஒன்று லீவு போட்டால் மற்றது சத்தமில்லாமல் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் பழக்கமானதுதான்.

மாதா கோயிலுக்கு வந்த சித்தப்பா அப்படியே எங்கள் வலைக்கூடத்துக்கும் வந்துவிட்டார். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் அந்த இன்னொன்றையும் கத்தரிக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் தட்டில் குத்தியிருந்த பெயர்க்குச்சிகளைத் தொட்டுக்காட்டிச் சொன்னார்: "வித்தியாசம் இந்தக் குச்சியில மட்டுந்தாம்மா இருக்குது."

பாவம் பார்த்த அக்கா

வலைக்கூடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது தனலட்சுமி அக்கா. கடலோரக் குப்பத்துக்காரர். வீட்டுக்காரர் இன்னமும் கடலுக்குப் போகிறார். இரண்டு மரபணுவும் இல்லாத நெல் கடைசியில் ஒருவழியாகக் கைக்கு வந்ததும், தினமும் எந்த டப்பாவிலிருந்து எந்தத் தட்டுக்கு ஊற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாசி மகத்தை ஒட்டி நான் இரண்டு நாள் லீவில் போனேன்.

திரும்பி வந்தால் தட்டு முழுக்கத் தளதளவென்று பச்சை. கத்தரித்ததும் பச்சை, கத்தரிக்காததும் பச்சை. அக்காவைக் கேட்டேன். வாடிக்கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் உப்பு டப்பாவை ஓரம் கட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார். அவ்வளவு செடியும் சோதனைக்கு உதவாமல் போயிற்று. மறுபடி விதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சித்தப்பாவுக்கு இதை எந்த முகத்தோடு சொல்வேன் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை. அக்காவைத் திட்ட வாய் வரவில்லை. அவர் கேட்டார்: "கடலுக்குப் போற எங்க ஆளுங்களே குடிக்க நல்ல தண்ணிதான் எடுத்துக்கினு போறாங்க. இதுங்க இன்னா பாவம் பண்ணுச்சு, தெனம் உப்பு ஊத்துறதுக்கு?"

நீல வேர்

புது விதை விளைகிற வரை சும்மா இருக்க முடியாதே. அந்த மேஸ்திரி வேரில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்க்க ஒரு வழி உண்டு. அவன் இருக்கும் இடமெல்லாம் நீலமாகத் தெரியும்படி செய்துவிடலாம். செய்தேன். வேரின் நுனி மட்டும் அழகான நீலம். படம் எடுத்துக்கொண்டு பாகூருக்கு ஓடினேன்.

அந்த வருஷம் சித்தப்பா பாதி வயலில்தான் நட்டிருந்தார். அதிலும் கால்வாசி கருகிக்கிடந்தது. படத்தைப் பெரிசாக்கிக் காட்டினேன். அவர் நல்லாயிருக்கு என்று தலையாட்டினார். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீலம் போடணும்னா எங்க வூட்டுலயே சொட்டு நீலம் இருக்குதே."

பதில்

கடைசியில் பதில் வந்தது. இரண்டு மரபணுவும் இல்லாத நெல்லின் வேர், உப்பிலும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போயிற்று. அப்படியானால் மேஸ்திரியின் வேலை என்ன? உப்பு பட்டதும் வேரைப் பார்த்து, நில், வளராதே, நிலைமை சரியாகட்டும் என்று சொல்வது. எல்லாத் தட்டிலும் இதே பதில். ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். விதையை வெளியே கொண்டுபோக இன்னும் அனுமதி இல்லை. ஆனாலும் விஷயத்தையாவது முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டும்போது வழி நெடுகக் கலர்க் கொடி கட்டிய மனைகள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சித்தப்பாவின் வயலில் செம்மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. அவர் சாலை ஓரமாக நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாசமே விற்று முடித்துவிட்டாராம். என் வேலை கெடும் என்று சொல்லாமல் விட்டாராம். இருந்தாலும் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். கோபமே இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி திருப்பிச் சொன்னார்: "உப்பு வந்தா நில்லு, கொஞ்சம் பொறுத்துப் பாருன்னு சொல்றதுதான் அதோட வேலையா? அத நீயே எனக்குச் சொல்லிக்கினு இருந்தியேம்மா."

நெல் உப்பில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் இப்போது நான் வரைபடமே போட்டுக் காட்டுவேன்; மனிதர் எத்தனை நாள் தாங்குவார் என்று கண்டுபிடிக்கும் முறை மட்டும் எங்கள் ஆய்வகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.